பால் கழிவைக் குறைக்கத் திட்டச் சாசனம் எழுதுவது எப்படி? (குளிரூட்டல் நிலையம், மாங்குளம் பக்கம்)

பாலைமரத்தடி எழுதியது:

வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட, கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பால் குளிரூட்டல் நிலையம். நாலு பாதையால் பால் வருது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதத்திலும், 92 நாளில், வந்தது 110,400 லீற்றர். நிலைய வாசலில் மதுசாரச் சோதனையில் (பாலோடு மதுசாரம் கலந்து பார்க்கிறது) திரைந்ததால் கழித்தது 3,864 லீற்றர். இதைக் குறைக்க ஒரு செயன்முறை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கச் சொல்லி நிர்வாகசபை சொல்லியிருக்கு. அதுக்கு முதல் ஒரு 'புரொஜெக்ட் சாட்டர்' (திட்டச் சாசனம்) எழுதிக் கையெழுத்துக்கு வைக்கவேணுமாம். நான் எழுதினது இது:

"பிரச்சினை: நிலையத்தில் குளிரூட்டும் வசதி போதாமையாலும் சேகரிப்பாளர்களின் கவனயீனத்தாலும் பெருமளவு பால் பழுதடைகின்றது.
நோக்கம்: பாலின் தரத்தை மேம்படுத்திப் பண்ணையாளர்களின் வாழ்வாதாரத்தை உயர்த்துதல்.
செயற்பாடு: 1,000 லீற்றர் குளிரூட்டித் தாங்கி ஒன்றைக் கொள்வனவு செய்தல், சேகரிப்பாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி அளித்தல்.
காலம்: 6 மாதங்கள்.
பொறுப்பு: அனைத்து ஊழியர்களும்."

இது சரியோ? வேறு என்ன சேர்க்கவேணும்?

*

கனகராயன் எழுதியது:

கோவிக்கவேண்டாம். இது சாசனமில்லை, நிதி கேக்கிற முன்மொழிவு. 2009 க்குப் பிறகு உதவி நிறுவனங்களுக்கு எழுதி எழுதி வன்னியில எல்லாற்ற கையும் இதுக்குத்தான் பழகிப்போச்சு: நோக்கம், செயற்பாடு, பயனாளி, பாதீடு. முன்மொழிவில என்ன வாங்கப்போறம் எண்டு முதலே சொல்லவேணும், இல்லாட்டிக் காசு வராது. சாசனம் எழுதேக்க அது தெரிஞ்சிருக்கக் கூடாது. தெரிஞ்சால் திட்டமே தேவையில்லை, விலைமனு கூப்பிட்டு வாங்கிற அலுவல்தான் மிச்சம்.

உங்கட முதல் வசனத்தைப் பாருங்கோ. 'வசதி போதாமையால்' எண்டது காரணம். 'கவனயீனம்' எண்டது குற்றச்சாட்டு. 'பெருமளவு' எண்டது எண் இல்லாத இடத்தில வைக்கிற சொல். இந்த மூண்டையும் எடுத்தால் மிஞ்சிறது 'பால் பழுதடைகின்றது' மட்டும். பிரச்சினைக் கூற்றில இருக்கவேண்டியது என்ன பிழைக்குது, எங்க, எப்பவிலிருந்து, எவ்வளவு, அதால யாருக்கு என்ன நட்டம். 'ஏன்' எண்டது வரவே கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் திட்டம்.

காரணத்தை முதலே எழுதினால் என்ன நடக்கும் எண்டதுக்கு உங்கட தாங்கியே உதாரணம். பால் கழியிறது எந்த இடத்தில? நிலைய வாசலில, கானைத் திறந்து சோதிக்கிற இடத்தில. அந்தப் பால் இன்னும் உங்கட தாங்கியைத் தொடவேயில்லை. தாங்கி 1,000 லீற்றரா இருந்தால் என்ன, 5,000 லீற்றரா இருந்தால் என்ன, வாசலுக்கு வரேக்கயே திரையிற பாலை அது காப்பாற்றாது. சாசனத்தில கையெழுத்து விழுந்திட்டுதெண்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு புதுத் தாங்கியும் அதே 3,864 லீற்றரும் பக்கத்தில பக்கத்தில நிக்கும்.

சேகரிப்பாளரின்ர கவனயீனம் எண்டு எழுதினதையும் எடுங்கோ. நாளைக்கு அவையளிட்டத்தான் நேரம், வெப்பநிலை எல்லாம் எழுதித் தரச்சொல்லிக் கேக்கப்போறியள். குற்றவாளி எண்டு எழுதிப்போட்டு ஆளிட்டத் தரவு கேட்டால், சரியான நேரம் எழுதித் தரமாட்டினம்.

அடுத்தது, மூண்டு மாதக் கணக்கைப் பாதைவாரியாப் பிரிச்சுப் போடுங்கோ. 3,864 ஐ 110,400 ஆல வகுத்தால் வாற 3.5 வீதம் எண்டது நாலு பாதையும் கலந்த சராசரி. அது ஒரு பாதைக்கும் பொருந்தாமலிருக்கும்.

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

3,864 லீற்றரை 92 ஆல் வகுத்தால் நாளுக்கு 42 லீற்றர். லீற்றருக்கு 150 ரூபா என்று வைத்தால் (உங்கள் கொள்வனவு விலையைப் போடுங்கள்) நாளுக்கு 6,300 ரூபா. நிர்வாகசபை 'வாழ்வாதாரம்' என்ற சொல்லுக்கு மேல் கண்ணை ஓட்டிவிடும். 6,300 என்ற எண்ணில் நிற்கும். அதை மேல் பாதியில் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், அந்த 6,300 யாருடைய பணம்? கழித்த பாலுக்கும் பண்ணையாளருக்குச் சங்கம் பணம் கொடுத்தால் நட்டம் சங்கத்துக்கு. கொடுக்காவிட்டால் பண்ணையாளருக்கு. சேகரிப்பாளரின் கூலியில் பிடித்தால் அவருக்கு. மூன்றில் எது என்று சாசனத்தில் ஒரு வரியில் எழுதவேண்டும், ஏனென்றால் திட்டம் வென்றால் யார் புத்தகத்தில் லாபம் தெரியும் என்பது அதில்தான் இருக்கிறது. பண்ணையாளரின் நட்டத்தைக் குறைத்துவிட்டு, சங்கத்துக்கு மாதம் இவ்வளவு மிச்சம் என்று எழுதுவது பொய்க்கணக்கு. கணக்காய்வில் நிற்காது.

சேகரிப்பாளரின் கூலியில் பிடிக்கும் முறை இருந்தால் இன்னொரு ஆபத்து. கழிவு வீதத்தைக் குறை என்று மட்டும் இலக்கு வைத்தால், மிக மலிவாகக் குறைக்கும் வழி பாலில் அப்பச்சோடா போடுவது. புளிப்பு மறைந்துவிடும், சோதனையில் திரையாது. எண் இறங்கும், பால் கெடும். ஆகவே இலக்கு எண் ஒன்று என்றால் காவல் எண்ணும் ஒன்று வேண்டும்: இது இறங்கும்போது அது ஏறக்கூடாது. என்ன சோதனை என்பதை ஆய்வுகூடக்காரர் சொல்லட்டும்.

*

கடும்புப்பால் எழுதியது:

சோடாவுக்கு றொசோலிக் அமிலச் சோதனை. பாலும் மதுசாரமும் சம அளவு, அதற்குள் ஒரு வீத றொசோலிக் அமிலக் கரைசல் சில துளி. நல்ல பால் மண்ணிறமாக நிற்கும், சோடா சேர்ந்த பால் றோசாச் சிவப்பாக மாறும். ஒவ்வொரு கானுக்கும் செய்யத் தேவையில்லை. பாதைக்கு நாளுக்கு ஒரு கான், முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்தால் போதும்.

கணக்கப்பிள்ளை அண்ணையின் காவல் எண்ணோடு இன்னொன்றும் சேர்க்கலாம்: பவுசரில் ஏறிய பிறகு தொழிற்சாலை வாசலில் திரும்பிய லீற்றர். ஏனென்றால் சோதனையைத் தளர்த்தினாலும் நிலையத்தின் கழிவு வீதம் இறங்கும். நாற்பது லீற்றர்க் கானை வாசலில் கழிக்காமல் விட்டு, பிறகு பவுசர் முழுவதையும் இழப்பது லாபமில்லை.

இனி அளவு பற்றி. 'கழித்த பால்' என்று கொப்பியில் இருக்கும் எண்ணை நம்பமுன் சோதனையை நம்பலாமா என்று பாருங்கள். 2 மில்லிலீற்றர் பால், 2 மில்லிலீற்றர் மதுசாரம், குலுக்கினால் குழாயின் சுவரில் துணிக்கை தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான் சோதனை. ஆனால் மதுசாரத்தின் செறிவு 68 வீதமா 75 வீதமா என்பதைப் பொறுத்து அதே பால் தேறும், அல்லது தவறும். போத்தல் மூடாமல் வெக்கையில் நின்றால் மதுசாரம் தண்ணீரைவிட விரைவாகப் பறக்கும், செறிவு குறையும், மாதக் கடைசியில் சோதனை தானாகவே இளகிவிடும். காலையில் புதுப் போத்தல் உடைத்த நாளில் கழிவு கூடுதலாகத் தெரியும். அது பாலின் பிழையல்ல.

சாசனத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "கழித்த பால் என்பது 68 வீத மதுசாரத்தோடு (செறிவு நாளும் மதுசாரமானியால் பார்க்கப்படும்) சம அளவில் கலந்தபோது துணிக்கை தோன்றிய கானின் முழு லீற்றர்." உங்கள் நிலையம் வேறு செறிவைப் பாவித்தால் அதை எழுதுங்கள். எந்த எண் என்பதைவிட அது மாறாமல் நிற்பது முக்கியம். பிறகு 30 மாதிரி எடுத்து, சோதனை செய்யும் இருவரும், எது யாருடைய பால் என்று தெரியாமல், தலைக்கு இரண்டு தரம் பார்க்கட்டும். ஒரே மாதிரிக்கு இருவரும் வேறு வேறு பதில் சொன்னால், அல்லது ஒருவரே தன் முதல் பதிலை மாற்றினால், முதலில் அதைத்தான் திருத்தவேண்டும். முப்பதும் நல்ல பாலாக இருந்தால் இந்தப் பயிற்சியால் ஒன்றும் தெரியாது. மூன்றில் ஒரு பங்காவது திரையும் பாலும் எல்லைக்கோட்டுப் பாலுமாக இருக்கட்டும்.

இன்னொன்று. மதுசாரத்தில் திரைவதெல்லாம் புளித்த பால் இல்லை. கன்று ஈன்ற முதல் நாட்களின் கடும்புப்பால் திரையும். மடியழற்சி உள்ள மாட்டின் பால் திரையும். கறவை வற்றும் தறுவாயில் உள்ள மாட்டின் பாலும் சிலவேளை திரையும். இவற்றை எவ்வளவு வேகமாகக் கொண்டுவந்தாலும், எவ்வளவு குளிராக வைத்தாலும் பயனில்லை. அதனால் திரைந்த ஒவ்வொரு கானிலும் பிஎச் (பால் புளிக்கப் புளிக்க இறங்கும் எண்) ஒன்றும் பார்த்து எழுதிவையுங்கள். நல்ல பால் 6.6 இலிருந்து 6.8 வரை. அதிலேயே, அல்லது அதற்கு மேல், நின்றும் திரைந்தால் பெரும்பாலும் வழியில் புளித்த பால் இல்லை, பட்டியில் போய்த் தேடவேண்டிய பால். பிஎச் பார்க்காமல் சேகரித்த தரவில் இந்த இரண்டையும் பிறகு பிரிக்கவே முடியாது.

*

பாலைமரத்தடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாதைவாரியாகப் பிரிச்சுப் பார்த்தன். துணுக்காய்–மல்லாவிப் பாதை: வந்தது 27,600, கழிச்சது 2,208 லீற்றர். 8 வீதம். மற்ற மூன்று பாதையும் சேர்த்து: வந்தது 82,800, கழிச்சது 1,656. 2 வீதம். எல்லாற்ற வாயிலயும் ஒட்டுசுட்டான் பாதைதான் மோசம் என்று இருந்தது. கணக்கு அப்படிச் சொல்லேல்ல.

கழிச்ச பாலுக்குச் சங்கம் பண்ணையாளருக்குக் காசு குடுக்குது. அப்ப நட்டம் சங்கத்துக்கு.

சேகரிப்பாளர் பண்ணையாளரின்ர படலையிலயே மணந்து பார்த்துத் திருப்பிக் குடுக்கிற பாலும் இருக்கு. அது எந்தக் கொப்பியிலும் இல்லை. அதையும் சேர்க்கவேணுமோ?

*

கனகராயன் எழுதியது:

கட்டாயம் சேர்க்கவேணும், ஆனா வேற நிரலில. இப்ப கொப்பியில இல்லாத எண்ணை 8 வீதத்தோட கலந்தால், பழைய மூண்டு மாதத்தோட ஒப்பிட ஏலாது. 'நிலையத்தில் கழித்தது' எண்டது இலக்கு எண். 'படலையில் திருப்பியது' எண்டது மூண்டாவது காவல் எண். நிலையத்தில கழிவு இறங்கி, படலையில ஏறினால், நட்டம் சங்கத்தின்ர தலையில இருந்து பண்ணையாளரின்ர தலைக்கு மாறினதுதான் மிச்சம்.

உங்கட 2,208 ஐ 3,864 ஆல வகுத்தால் 57 வீதம். கால்வாசிப் பால் கொண்டுவாற பாதையில அரைவாசிக்கு மேல நட்டம். ஆகவே எல்லை அந்த ஒரு பாதை மட்டும். நாலு பாதையையும் எடுத்தால் ஒண்டும் முடியாது.

எல்லையை இடத்தால மட்டும் வைக்காதேங்கோ, முதற்படி கடைசிப்படியாலும் வைக்கவேணும். தொடக்கம்: பண்ணையாளர் கறந்து முடிச்ச நேரம். முடிவு: நிலைய வாசலில சோதனை முடிவு கொப்பியில ஏறின நேரம். இதுக்கு வெளியில இருக்கிறதைப் பேர் சொல்லியே வெளியில வையுங்கோ: தாங்கி, பவுசர், பால் விலை, மாட்டுத் தீவனம், இனவிருத்தி. இந்த 'வெளியில' பட்டியல் இல்லாட்டி முதல் கூட்டத்திலயே கதை மேய்ச்சல் தரைக்குப் போயிடும். மேய்ச்சல் தரை நியாயமான கதை, ஆனா நாலு பேர் ஆறு மாதத்தில முடிக்கிற கதை இல்லை. மடியழற்சியும் வெளியிலதான். ஆனா பிஎச் கணக்கில அது பெரிசாத் தெரிஞ்சால் மிருக வைத்தியரிட்ட ஒப்படைக்கிறது எண்டு ஒரு வரி போடுங்கோ.

இலக்கு எவ்வளவு எண்டு வானத்தைப் பாத்து எழுதவேண்டாம். நல்ல பாதையள் 2 வீதத்தில நிக்குது. 8 க்கும் 2 க்கும் இடைவெளி 6. அந்த இடைவெளியில 70 வீதத்தை மூடிறது எண்டது செயன்முறை மேம்பாட்டு வேலையில வழமையான கைக்கணக்கு. 4.2 குறைஞ்சால் 3.8. நீங்கள் 4 எண்டு எழுதுங்கோ. பூச்சியம் எண்டு எழுதினால் நிர்வாகசபை கை தட்டும், குழு முதல் நாளே நம்பிக்கை விட்டிடும்.

பொறுப்பு 'அனைத்து ஊழியர்களும்' எண்டால் ஒருத்தரும் இல்லை எண்டதுதான் அர்த்தம். அனுசரணையாளர் எண்டு ஒரு ஆள் வேணும்: வேலை தடைப்பட்டால் தடையை எடுக்கக் கூடிய அதிகாரம் உள்ளவர். சங்கத்தில அது பொதுமுகாமையாளர். தலைவரைப் போடாதேங்கோ, அடுத்த தெரிவில மாறலாம். செயன்முறைக்குப் பொறுப்பு நிலையப் பொறுப்பாளர். திட்டம் முடிஞ்ச பிறகு புது முறையை வைச்சிருக்கப் போறவர் அவர்தான், அதால அவற்ற கையெழுத்தும் வேணும். குழுத் தலைவர் நீங்கள். உறுப்பினர்: சோதனை செய்யிறவர், அந்தப் பாதையின்ர சேகரிப்பாளர், ஒரு பண்ணையாளர். கணக்குக்கிளையில ஒருவர் மிச்சக் கணக்கை உறுதிப்படுத்த மட்டும்.

ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலயும் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் எண்டு எழுதுங்கோ. இந்த எண்ணைத்தான் ஆக்கள் விட்டிட்டுப் பிறகு அழுகிறது. சேகரிப்பாளருக்குக் கிழமைக்கு 2 மணித்தியாலம் எண்டால் அந்த 2 மணித்தியாலத்துக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டதும் அதே வரியில. அவர் லீற்றர்க் கூலிக்கு ஓடிறவர், கூட்டத்துக்கு வந்தால் உழைப்புப் போச்சு.

சபையிட்டத் திரும்பிப் போகாமல் குழு செலவழிக்கக் கூடிய உச்சத் தொகையையும் எழுதுங்கோ. வெப்பமானி, கொப்பி, மதுசாரமானி, பிஎச் பார்க்கிற கருவி வாங்க மாதக் கூட்டம் வரைக்கும் காத்திருந்தால் வெக்கைக் காலம் முடிஞ்சிடும்.

*

கடும்புப்பால் எழுதியது:

அண்ணை வெக்கைக் காலம் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்கிறேன். அடிப்படை எண் ஜூன்–ஓகஸ்ட், சோளகமும் வெயிலும். மேம்படுத்தும் கட்டம் வரும்போது மாரி. ஒன்றும் செய்யாமலே டிசெம்பரில் கழிவு இறங்கும், ஏனென்றால் கான் வழியில் சூடாகாது. அதை வெற்றி என்று எழுதிவிட்டால் அடுத்த ஜூனில் மானம் போகும். இன்னொரு பக்கம், காலபோக விதைப்பு வர மாடுகளை வயலில் இருந்து காட்டுக்கரைப் பட்டிகளுக்கு ஓட்டிவிடுவார்கள். சேகரிக்கும் இடமே மாறும், தூரம் கூடும், பாதை சேறு. இரண்டும் எதிர் எதிராக இழுக்கும், எது எவ்வளவு என்று தெரியாது.

வழி இரண்டு. மற்ற மூன்று பாதைகளையும் அதே மாதத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது: அங்கே 2 வீதம் 1 ஆக இறங்கியிருந்தால், உங்கள் பாதையில் இறங்கியதிலும் ஒரு பங்கு மழையின் புண்ணியம். மற்றது, திட்டம் மூடும் திகதி ஒன்று, உறுதிப்படுத்தும் திகதி வேறொன்று என்று சாசனத்திலேயே எழுதுவது. உறுதி அடுத்த ஆண்டு ஜூன்–ஓகஸ்ட். செப்ரெம்பர் இன்னும் வெக்கைதான், ஆகவே அளக்கும் வேலையை உடனே தொடங்குங்கள், ஒக்ரோபர் நடுவில் மழை பிடித்துவிடும்.

*

பாலைமரத்தடி எழுதியது:

திருத்தி எழுதினது. ஒரு பக்கத்துக்குள் வந்திட்டுது.

"பிரச்சினை: கடந்த ஜூன் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை துணுக்காய்–மல்லாவிப் பாதையால் நிலையத்துக்கு வந்த 27,600 லீற்றர் பாலில் 2,208 லீற்றர் (8.0%) வாசற் சோதனையில் கழிக்கப்பட்டது. மற்றைய மூன்று பாதைகளின் சராசரி 2.0%. நாளுக்கு 24 லீற்றர், லீற்றர் 150 ரூபாப்படி 3,600 ரூபா. நட்டம் சங்கத்துக்கு.

இலக்கு: இப்பாதையின் கழிவை 8.0% இலிருந்து 4.0% ஆகக் குறைத்தல். அளவு, அடுத்த ஆண்டு ஜூன்–ஓகஸ்ட் மொத்தம். நாளுக்கு 300 லீற்றர் வரவில் மிச்சம் 12 லீற்றர், 1,800 ரூபா.

காவல் எண்கள்: தொழிற்சாலையில் திரும்பிய லீற்றர், சோடாச் சோதனையில் பிடிபட்ட கான்கள், படலையில் திருப்பிய லீற்றர். மூன்றும் இன்றைய அளவைவிடக் கூடக்கூடாது.

எல்லை: கறந்து முடிந்த நேரம் முதல் சோதனை முடிவு பதியும் நேரம் வரை. வெளியே: தாங்கி, பவுசர், விலை, தீவனம், மேய்ச்சல், நோய்.

கட்டங்களும் அவை முடியும் திகதிகளும்: வரையறு, செப்ரெம்பர் 14. அளவிடு, ஒக்ரோபர் 12. ஆராய், நவம்பர் 2. மேம்படுத்து, ஜனவரி 31. கட்டுப்படுத்து, மார்ச் 31. உறுதிப்படுத்தல், ஓகஸ்ட் 31.

அனுசரணை: பொதுமுகாமையாளர். செயன்முறைப் பொறுப்பு: நிலையப் பொறுப்பாளர். குழு 4 பேர், கிழமைக்குத் தலா 2 மணித்தியாலம், குழுத் தலைவர் 6. சேகரிப்பாளருக்கும் பண்ணையாளருக்கும் கூட்டநாட் கொடுப்பனவு சங்கத்தால். சபை அனுமதியின்றிச் செலவு உச்சம் 25,000 ரூபா."

*

கணக்கப்பிள்ளை எழுதியது:

நன்று. இரண்டு திருத்தம். 'இன்றைய அளவைவிட' என்று காவல் எண்ணில் எழுதியிருக்கிறீர்கள். படலையில் திருப்பியதற்கு இன்றைய அளவு என்று ஒன்று இல்லை, கொப்பியே இல்லையே. 'அளவிடு கட்டத்தின் நாலு கிழமைச் சராசரியைவிட' என்று மாற்றுங்கள்.

மற்றது, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அனுசரணையாளர் என்ன முடிவெடுப்பார் என்று இல்லை. தொடர், திருத்து, நிறுத்து, மூன்றில் ஒன்று. ஒக்ரோபர் 12 இல் பிஎச் கணக்கு, திரைந்த பாலில் பெரும்பகுதி புளிக்காத பால் என்று காட்டினால் இத்திட்டம் நிறுத்தப்பட்டு மிருக வைத்தியரிடம் போகும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் தோல்வி என்று பெயர் வரும்.

*

கனகராயன் எழுதியது:

கையெழுத்துக்கு வைக்க முதல் அந்தச் சேகரிப்பாளருக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. 'கறந்து முடிந்த நேரம்' எண்டதை ஆர் எழுதிறது? அவர் படலைக்கு வரேக்க பால் கறந்து எவ்வளவு நேரம் எண்டு அவருக்குத் தெரியாது. பண்ணையாளரிட்டக் கேட்டு எழுதவேணும். இருபது வீட்டில இருபது தரம் நிண்டு கேட்டால், ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு நிமிசம் எண்டாலும் பால் இருபது நிமிசம் பிந்தும். அளக்கிற வேலையே கழிவைக் கூட்டிப்போடும். ஒவ்வொரு படலையிலயும் ஒரு மட்டைத்துண்டும் பென்சிலும் கட்டிவிடுங்கோ. கறந்தவர் தானே நேரத்தைக் குறிக்கட்டும், இவர் வந்து அதைப் பாத்து எழுதிக்கொண்டு போகட்டும்.

*

பாலைமரத்தடி எழுதியது:

மட்டைத்துண்டு மழைக்கு ஊறிடும் எண்டு நிலையத்தில சொல்லினம். பழைய பிளாஸ்ரிக் கான் மூடியை வெட்டி, மெழுகுப் பென்சிலால எழுதப் பாக்கிறம். இரண்டு திருத்தமும் போட்டாச்சு.